கொமாண்டரின் கால்

கார் பழகப் போன முதல் நாளே நான் அவருடைய காரில் பிழையான பக்கத்தில் ஏறி இருந்தேன். ஜெர்மனியில் பல வருடம் கார் ஓடிய பழக்கம். கை தன்பாட்டில் இடப்பக்கக் கதவைத் திறந்தது. நானும் ஏறி, பெல்ட்டை இழுத்துப் பூட்டிவிட்டு, ஸ்டியரிங்கைத் தேடினேன். அது பக்கத்து இருக்கைக்கு முன்னால் இருந்தது. என் காலடியில் இரண்டு பெடல்கள் மட்டும் இருந்தன.

அவர் வெளியே தூறலில், ஜாக்கெட்டின் தொப்பியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. குனிந்து, கதவுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, கலியாண வீட்டில் பந்திக்கு இடம் காட்டுகிறவர் மாதிரி மரியாதையாகச் சொன்னார்.

“உது கொமாண்டரின்ர சீற். பைலட் அங்கால.”

அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. பகிடி விடுகிறார் என்று எண்ணிக்கொண்டு இறங்கினேன். பிறகுதான் தெரிந்தது, அவர் வாழ்க்கையில் பகிடி விடாத ஒரே விஷயம் அதுதான் என்று.

லண்டனில் டூட்டிங் தொடக்கம் விம்பிள்டன் வரைக்கும் கார் பழக விரும்பிய தமிழ்ப் பெண்கள் எல்லாரும் அந்தக் காலத்தில் அவரிடம்தான் வந்தார்கள். எல்லாருக்கும் அவர் ட்றைவிங் அக்கா. அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் அவருக்குப் பிடிக்காது, ஆகவே விட்டுவிடுகிறேன்.

நான் அவரிடம் போனது 2009இன் தொடக்கத்தில். கணவர் இங்கே ஒரு கடையில் பங்கு எடுத்ததால் ஜெர்மனியை விட்டு கோலியர்ஸ் வுட்டுக்கு வந்திருந்தோம். வயதானவர்களை அவர்களுடைய வீடுகளுக்கே போய்ப் பராமரிக்கும் வேலை எனக்குக் கிடைக்கிற மாதிரி இருந்தது. ஆனால் வீட்டுக்கு வீடு காரில் போக வேண்டும். என் ஜெர்மன் லைசென்ஸ் இங்கே செல்லும். நான்தான் செல்லவில்லை. கியர் போடக் கையை நீட்டினால் கதவில் இடிக்கும். ரவுண்டபவுட்டைக் கண்டால் தலை எதிர்ப்பக்கம் திரும்பும். தெருவில் எனக்குப் பின்னால் ஒரே ஹோர்ன் சத்தம்.

அந்த முதல் நாள், நான் சுற்றி வந்து வலப்பக்கம் ஏறுவதற்குள் அவர் பாதிப் பாடத்தை முடித்துவிட்டார். விண்ணோடம் என்று ஒன்று அமெரிக்காவில் இருந்து விண்வெளிக்குப் போய்த் திரும்பி வருகிறதல்லவா, அதில் பெரும்பாலும் ஏழு பேர் போவார்களாம். முன்னால் இடப்பக்கத்தில் கொமாண்டர். வலப்பக்கத்தில் பைலட்.

“பேர்தான் பைலட். ஆனா தரையில இறக்கிறது கொமாண்டர். பைலட் பக்கத்தில இருந்து அளவுகளைப் பாத்துச் சொல்லுவார், கடைசியில தரையில உருள்ற சில்லை இறக்குவார். இன்னொருக்காப் போகேக்கதான் அவர் கொமாண்டரா வாறது. விளங்குதோ?”

“விளங்குது அக்கா. ஆனா நான் சில்லு இறக்க வரேல்லை, ஓடப் பழக வந்தனான்.”

“ஓடலாம், ஓடலாம். முந்தி என்ன செய்தனீர்?”

முதியோர் இல்லம் ஒன்றில் சமையலறையில் நின்றதாகச் சொன்னேன். அதுக்கு முந்தி? ஆஸ்பத்திரி உடுப்புத் தோய்க்கிற இடத்தில். அதுக்கு முந்தி? ஊரில் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பைத் தவிர? எனக்கு எரிச்சல் வரத் தொடங்கியது. மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துவிட்டு, நின்ற காருக்குள் இருந்து என் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவரோ காரைக் கிளப்புகிற திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, தருகிற எண்ணமே இல்லாமல் இருந்தார்.

“பள்ளிக்கூடத்தில நெட்போல் விளையாடினனான்,” என்றேன், வாய்க்கு வந்ததை.

“எந்த இடம்?”

“சென்ரர். நடுவில.”

“பாத்தீரோ! இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே.” திறப்பு என் கைக்கு வந்தது. “பந்து கையில இருக்கேக்க கால் அசையக் கூடாது. கண்ணும் கழுத்தும்தான் ஓடும். ஆர் எங்க நிக்கினம், ஆர் எங்க வருவினம் எண்டு திரும்பிப் பாத்துக்கொண்டே இருப்பீர். உமக்கு நான் ஒண்டும் பழக்கத் தேவையில்லை. ஞாபகப்படுத்தினால் காணும்.”

சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்றைக்கு மேர்ட்டன் ஹை ஸ்ட்ரீட்டில் பஸ்களுக்கு நடுவில் என் கழுத்து தன்பாட்டில் திரும்பியது.

ஆட்களின் பூர்வீகத்தைக் கிண்டுவது எங்கள் சனங்களுக்குப் புதிதில்லை. எந்த ஊர், எந்தப் பக்கம், ஆருடைய ஆள் என்று கேட்டு, கடைசியில் ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் தேத்தண்ணி தருவார்கள். அவர் ஊரைக் கேட்கவே மாட்டார். தகப்பன் பெயரும் அவருக்கு வேண்டாம். என்ன செய்தாய், அதற்கு முன்னால் என்ன செய்தாய், அந்தக் கையும் கண்ணும் இப்போது எங்கே, இதுதான் விசாரணை. மற்றவர்கள் கேட்டால் கூசுகிற கேள்வி, அவர் கேட்டால் கூசாது. அது ஏன் என்று நான் கனநாள் யோசித்தேன். பதிலைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிடும். தையல் என்றாலும் மலரும், வங்கி என்றாலும் அதே அளவுக்குத்தான் மலரும்.

தையல் கடையில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு கிளச் பிடிபடவே இல்லை. “மிசின்ல மொத்தத் துணியும் மெல்லிசுத் துணியும் சேர்ற இடத்தில காலை எப்பிடி வைப்பீர்? அப்பிடி வையும்,” என்றாராம். அதோடு கார் துள்ளுவது நின்றதாம். சென்னையில் இருந்து வந்த ஒரு பெண், வங்கி ஒன்றில் கணினி வேலை, எனக்கு முந்திய வகுப்பு அவருக்கு. ஒருநாள் அவர் வகுப்பு முடியவில்லை, நான் பின் சீற்றில் காத்திருந்தேன். ரவுண்டபவுட்டுக்குள் நுழையாமல் அந்தப் பெண் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“முந்தி என்ன செய்தனீங்கள் எண்டு இன்னும் சரியாச் சொல்லேல்லையே,” என்றார் அக்கா.

“ஸ்கூல், காலேஜ், வேலை. அவ்ளோதான்கா. சின்ன வயசுல தெருவுல தண்ணி லாரி வந்தா குடம் வைக்கிறது என் வேலை. அதெல்லாம் ஒரு வேலையா?”

“வரிசைக்குள்ள குடத்தை எப்ப நுழைக்கிறனீங்கள்?”

“முன்னாடி இருக்கறவங்க குடத்தைத் தூக்கக் குனிவாங்கள்ல, அப்போ.”

“இதுவும் அதுதான். வைச்சுப் போட்டு வாங்கோ.”

அந்தப் பெண் நுழைந்தார். பின்னால் இருந்த நான் கை தட்டினேன்.

விண்ணோடத்துக்கு ஆட்களைப் பிடிக்கிறவர்களும் தன்னைப் போலத்தான் பார்த்துப் பிடிக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. முதலில் எல்லாரும் சண்டை விமானம் ஓட்டியவர்கள்தானாம். பிறகு டொக்டர்மார் போனார்களாம், பள்ளிக்கூட ரீச்சர்மார் போனார்களாம், கல்லை ஆராய்கிறவர்கள், கடலை ஆராய்கிறவர்கள் எல்லாரும் போனார்களாம். ஓடுகிற இருவரைத் தவிர மற்றவர்களுக்குத் தனித்தனி வேலை. ஒருவர் வெளியே மிதந்து போய்த் திருத்துவார், ஒருவர் உள்ளே இருந்து பெரிய இயந்திரக் கையை ஆட்டுவார், முன்னால் இருக்கிற இருவருக்கும் நடுவே பின் சீற்றில் இருக்கிறவர் படிகளை வாசித்துக் கொடுப்பார். ஒருவருடைய வேலையை இன்னொருவரும் பழகி வைத்திருப்பார், ஆனால் தொடமாட்டார்.

“மிருக வைத்தியர் ஒராள் போயிருக்கிறார், தெரியுமோ? மேல என்ன ஆடு மாடு நிக்குதோ? நான் கனநாள் யோசிச்சனான்.”

“கண்டுபிடிச்சீங்களோ?”

“ஓம். நோவை வாய் திறந்து சொல்லாத சீவனைப் பாத்து, எங்க நோகுதெண்டு கண்டுபிடிக்கிற ஆள். மிசினும் வாய் திறந்து சொல்லாதுதானே.”

அவர்கள் அதற்காகத்தான் எடுத்தார்களோ என்னவோ. எனக்கு அந்தக் காரணம் பிடித்திருந்தது.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டேன். லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலமாம். எட்மண்டனில் பல குடும்பங்கள் இருந்த வீட்டில் ஓர் அறை. ஆங்கிலம் விளங்காது, வெளியே போகப் பயம், டிவி ஒன்றுதான் துணை. ஒருநாள் செம்மஞ்சள் உடுப்புப் போட்ட ஆண்களும் பெண்களும் வரிசையாக நடந்து வந்து கை காட்டிவிட்டு ஒரு வண்டியில் ஏறி விண்ணோடத்துக்குப் போனார்கள். இவர் கேட்ட முதல் கேள்வி, “இதில ஆர் ட்றைவர்?” வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் முன்னுக்கு வருகிறவர் என்றார், இன்னொருவர் அது தானாக ஓடும் என்றார். தெரியாமலே எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். இவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆங்கிலம் படித்ததே அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ளத்தான் என்று சொல்வார். கொஞ்சம் மிகைதான், ஆனால் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

இனி அவருடைய வலது காலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பழக்குகிறவரின் பக்கத்திலும் ஒரு கிளச்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். ஆபத்துக்கு மட்டும் மிதிப்பதற்கு. அவருக்கோ எல்லாமே ஆபத்து. தூரத்தில் ஒரு புறா தெருவைக் கடந்தால் மிதிப்பார். சிக்னல் மஞ்சளாகும் என்று தோன்றினாலே மிதிப்பார். அவர் மிதித்தால் இந்தப் பக்கத்துப் பெடலும் சேர்ந்து இறங்கும். என் கால் போவதற்கு முன்னால் பெடல் தானாகக் கீழே போகும். பேய் மிதிக்கிற மாதிரி இருக்கும், கார் நிற்கும், எனக்குக் கோபம் வரும்.

“அக்கா, நான் கண்டனான்.”

“கண்டனீர் எண்டு எனக்குத் தெரியும்.”

“பிறகேன் மிதிச்சனீங்கள்?”

“நான் மிதிக்கேல்லை. கால் மிதிச்சது.”

அவருடைய கணவர் அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் வாசலில் நின்று ஒரு வசனம் சொன்னார். “உவ பஸ்ஸிலயும் பிரேக் பிடிக்கிறவ.” அது உண்மை. நானும் அக்காவோடு டூட்டிங்குக்கு பஸ்ஸில் போயிருக்கிறேன். முன் சீற்றில் இருந்துகொண்டு தகரத்தில் காலை ஊன்றி ஊன்றி வந்தார். ஊரில் அவர் தட்டெழுத்துப் பழக்கிய ஆள். அங்கேயும் பிள்ளைகள் எழுத்தைத் தேடும்போது அவர்களுடைய விரலின் மேல் தன் விரலை வைத்து அமத்திவிடுவாராம். எல்லாருடைய பழைய வேலையையும் கேட்கிறவரிடம் நான் அவருடையதைக் கேட்டபோது, இதை அவரே கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்.

கொமாண்டருக்கும் பைலட்டுக்கும் உள்ள எல்லையை அவரைப் போல அறிந்தவர் அந்த வட்டாரத்தில் இல்லை. அதை மீறுவதிலும் அவரைப் போல ஒருவர் இல்லை. நான் சிரித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் அவருடைய பிழைப்பே அந்தக் காலில் தொங்கிக்கொண்டிருந்தது.

கார் பழக்குகிறவர்களுக்கும் சோதனை உண்டு. இடைக்கிடை ஓர் எக்ஸாமினர் வந்து பின் சீற்றில் இருந்து, நீங்கள் உண்மையான ஒரு மாணவருக்கு எப்படிப் பழக்குகிறீர்கள் என்று ஒரு மணித்தியாலம் பார்ப்பார். முதல் தடவை அக்கா தேறவில்லை. உங்கள் மாணவி பிழை விடுவதற்கு முன்பே நீங்கள் திருத்திவிடுகிறீர்கள், அவர் எப்படிக் கற்றுக்கொள்வார் என்று எக்ஸாமினர் கேட்டாராம். இரண்டாம் தடவையும் அதே கேள்விதான், தேறவில்லை. மூன்றாவதிலும் விட்டால், முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த, பழக்குவதற்கு அனுமதி தருகிற பச்சை அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

அந்த இரண்டாம் சோதனை நடந்தது வசந்த காலத்தில். அந்த வருடத்து வசந்தம் எப்படி இருந்தது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வன்னியில் சண்டை முற்றி, எல்லாரும் ஒரு சின்னத் துண்டு நிலத்துக்குள் அகப்பட்டிருந்தார்கள். இங்கே எல்லாரும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு திரிந்தோம். பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்று கத்திவிட்டு, தொண்டை அடைத்துப்போய் நேரே வகுப்புக்கு வந்த பெண்களும் உண்டு. அக்காவின் தங்கச்சி பிள்ளைகளோடு உள்ளே இருந்தார். தொடர்பு அறுந்து மாதக்கணக்காகி இருந்தது. அக்கா ஒரு வகுப்பையும் நிறுத்தவில்லை. கால் மட்டும் மோசமாகிக்கொண்டே போனது. பச்சை விளக்கிலும் மிதித்தார்.

ஒருநாள் மிட்சம் பசும்புல் வெளிக்குப் பக்கத்தில் என்னை நிப்பாட்டச் சொன்னார். எஞ்சினை நிறுத்தினேன். தங்கச்சியைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“மேல் தட்டில நாலு பேர் இருக்கினம். கீழ்த் தட்டில மூண்டு பேர். கீழ இருக்கிற மூண்டு பேரும் என்ன செய்வினம் எண்டு நீர் எப்பவாவது யோசிச்சனீரோ?”

விண்ணோடம்தான். “இல்லை அக்கா.”

“ஒராள் டொக்டர், ஒராள் ரீச்சர், ஒராள் கல்லு ஆராய்ச்சி எண்டு வையுமன். வருசக்கணக்காப் படிச்சு, தண்ணித் தொட்டிக்குள்ள மிதந்து பழகி, எல்லாம் முடிச்சுத்தான் ஏறி இருக்கினம். ஆனா கிளம்பேக்க அவைக்கு முன்னால பாக்கக் கண்ணாடியும் இல்லை, தொட ஒரு சுவிச்சும் இல்லை. எல்லாம் நடுங்குது, இடிக்குது. மேல என்ன நடக்குதெண்டு தெரியாது. அவை என்ன செய்வினம்?”

“என்ன செய்யிறது? சும்மா இருப்பினம்.”

“அதைத்தான் கேக்கிறன். எப்பிடிச் சும்மா இருக்கினம்? அதுக்கும் ஆரும் பழக்கிறவையோ?”

 அவர் தன் காலடியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, “தங்கச்சி அங்க. நான் இஞ்ச இருந்து எதை மிதிக்க?” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை. அவருக்குக் கேள்விதான் வந்தது, உண்மையாகவே பதில் தேடுகிற கேள்வி. அன்றைக்குத்தான் நான் அவரைக் கேலி பண்ணுவதை விட்டேன்.

கோடையில் தங்கச்சியின் குரல் ஒரு முகாமில் இருந்து வந்தது. உயிரோடு இருந்தார், பிள்ளைகளும் இருந்தார்கள். கோலியர்ஸ் வுட் முழுக்க அக்கா கேசரி கொடுத்தார். இனிக் கால் அடங்கும் என்று நினைத்தோம். அடங்கவில்லை. பழகிவிட்டது.

மூன்றாம் சோதனைக்கு மாணவியாக என்னைக் கேட்டார். மற்றவர்கள் எக்ஸாமினர் என்ற சொல்லைக் கேட்டதும் ஓடிவிட்டார்கள். “கழுத்துத் திரும்பிற ஆள் நீர்தான்,” என்றார். எனக்கு அதற்குள் இந்த ஊர்த் தெரு பிடிபட்டிருந்தது, வேலையும் உறுதியாகி இருந்தது. பழக வேண்டியவர் அவர்தான். ஆகவே அந்தக் கிழமைகளில் நான் ஓடினேன், அவர் சும்மா இருக்கப் பழகினார்.

எத்தனை வித்தை செய்து பார்த்தோம். சப்பாத்தைக் கழற்றி வைத்தார், வெறுங்காலால் மிதித்தார். காலுக்கு மேல் காலைப் போட்டார், மேல் கால் இறங்கி மிதித்தது. என்னிடம் லைசென்ஸ் இருக்கிறதுதானே, தன் பக்கத்துப் பிரேக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒருநாள் தன் பெடலுக்கு முன்னால் ஒரு பெரிய பை சிவப்பரிசியைக் கொண்டுவந்து வைத்தார். சைக்கிளில் ஒரு பெடியன் குறுக்கே வந்தான். நான் பிரேக்கைப் பிடித்தேன், அவர் பையை உதைத்தார். பை கிழிந்து அரிசி கார் முழுக்கக் கொட்டியது. அதற்குப் பிறகு எந்தத் திருப்பத்திலும் கார் சலசலத்தது.

“ஏன் அக்கா, சில்லை பைலட் இறக்குவார் எண்டு கொமாண்டர் எப்பிடி நம்புறார்?” என்று கேட்டேன். குத்துவதற்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

அவர் அரிசியைக் கையால் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். “நம்புறாரோ இல்லையோ ஆருக்குத் தெரியும்,” என்றார். “அவற்ற கை அங்க எட்டாமல் இருக்கலாம். எனக்கு எட்டுதே.”

சோதனை நாள் வெயிலாக இருந்தது. எக்ஸாமினர் நரைத்த மீசைக்காரர், வெள்ளைக்காரர், சிரிக்காத முகம். எங்கள் இருவருக்கும் நடுவே தெரிகிற மாதிரிப் பின் சீற்றில் அமர்ந்தார். அக்காவுக்கு அவரிடம் முந்தி என்ன வேலை என்று கேட்க நாக்குத் துடித்தது எனக்குத் தெரிந்தது. கேட்கவில்லை. ஆங்கிலத்தில் பாடத்தைத் தொடங்கினார். இன்றைய பாடம், நெரிசலான தெருவில் முன்கூட்டிப் பார்த்து ஓடுவது. அவருடைய குரல் அமைதியாக இருந்தது. கைகள் இரண்டும் தொடைக்குக் கீழே இருந்தன. குதிக்கால்களை சீற்றின் விளிம்போடு ஒட்டி இழுத்து வைத்திருந்தார்.

முதல் அரை மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. சிக்னல்கள், ரவுண்டபவுட், ஒரு பள்ளிக்கூட வாசல். பிறகு மிட்சமில் ஒரு பஸ் நிறுத்தத்தில் பஸ் ஒன்று நின்றது. அதைக் கடந்து போகக் காரை வலப்பக்கம் எடுத்தேன். பஸ்ஸின் அடியால், முன்சில்லுக்கு அப்பால், ஒரு தள்ளுவண்டியின் சின்னச் சில்லு தெரிந்தது. சாமான் வாங்கப் போகிற வண்டி. அதைத் தள்ளுகிற ஆள் இன்னும் தெரியவில்லை.

நான் கண்டேன். அக்காவும் கண்டார். அவருடைய மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. இப்போது பெடல் தானாக இறங்கும், எல்லாம் முடிந்தது, பச்சை அட்டை போய்விட்டது என்று ஒரு கணத்துக்குள் நினைத்தேன். என் காலை வைத்தேன். பெடல் இறங்கவில்லை. என் காலுக்குக் கீழே அது சும்மா இருந்தது, எனக்காகக் காத்துக்கொண்டு. நான்தான் அதை மிதித்தேன். கார் நின்றது. ஒரு கிழவி வண்டியைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் இருந்து வெளியே வந்து, எங்களை ஏறிட்டும் பார்க்காமல் கடந்து போனாள்.

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். முகம் வெளிறி, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். கால்கள் சீற்றுக்குக் கீழே இழுத்தபடியே இருந்தன.

“என்ன கண்டீர்கள்?” என்று என்னை ஆங்கிலத்தில் கேட்டார், பாடத்தின்படி.

“சில்லு,” என்றேன்.

“நன்றாகப் பார்த்தீர்கள்,” என்றார். 

சோதனை நிலையத்துக்குத் திரும்பியதும் எக்ஸாமினர் என்னை வெளியே நிற்கச் சொல்லவில்லை. எனக்கு முன்னாலேயே முடிவைச் சொன்னார். தேறிவிட்டார். அந்தப் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தீர்கள், அதைத்தான் நான் போனமுறை கேட்டேன் என்றார். அவர்தான் போனமுறையும் வந்தவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அக்கா நன்றி சொல்லிவிட்டு, இனிப் பயமில்லை என்று ஆனதும், அடக்கி வைத்ததைக் கேட்டே விட்டார். இந்த வேலைக்கு முந்தி என்ன செய்தீர்கள்?

மீசைக்காரர் கொஞ்சம் திகைத்தார். கப்பலில் சமையல்காரனாக இருந்தேன் என்றார். அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

“அதுதான் பாரும்,” என்றார் என்னிடம், அவர் போனதும். “அடுப்பில வைச்சதைக் கிளறாமல் பாத்துக்கொண்டு நிக்கத் தெரிஞ்ச மனுசன்.”

அதற்குப் பிறகு காருக்கு நடந்து வரும்போது அவருடைய கால்கள் ஒத்துழைக்கவில்லை. ஒரு மணித்தியாலமாக இழுத்து வைத்ததில் விறைத்துப் போயிருந்தன. என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். நீங்கள் ஓடுங்கோ என்று திறப்பை நீட்டினேன். தலையை ஆட்டிவிட்டு இடப்பக்கம் ஏறினார். எனக்கு லைசென்ஸ் இருந்தது, பாடமும் முடிந்துவிட்டது. நான் ஓடினேன்.

கோலியர்ஸ் வுட்டை நோக்கித் திரும்பிக் கொஞ்சத் தூரம் வந்ததும், அவர் பேசாமல் இருப்பதைக் கவனித்தேன். ஒரு சிக்னலில் திரும்பிப் பார்த்தேன். தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்து, நித்திரையாகி இருந்தார். கால்கள் இரண்டும் முன்னால் நீண்டு, பெடலுக்குப் பக்கத்தில் வெறுமனே கிடந்தன. விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகி, பச்சையானது. அந்தக் கால் அசையவில்லை. ஓடுகிற வாகனத்துக்குள் அவர் கண்ணை மூடியதை அவருடைய கணவர்கூடக் கண்டிருக்கமாட்டார். எனக்கு அவர்மேல் பெரிய அன்பு வந்தது. என்மேலும் கொஞ்சம் மதிப்பு வந்தது.

அவருடைய தெருவுக்குள் திருப்பினேன். வீட்டு வாசலில் காரை நிப்பாட்ட மனம் வரவில்லை. மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தேன். அப்போது அவர் அரைத் தூக்கத்தில் கேட்டார்.

“எங்க நிக்கிறம்?”

அவருடைய வாசலைத்தான் கடந்துகொண்டிருந்தோம்.

“இன்னும் வரேல்லை அக்கா. நீங்கள் படுங்கோ.”

அவர் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை. “சரி,” என்றுவிட்டு மறுபக்கம் சாய்ந்துகொண்டார்.